ரோட்டைப் பார்க்காத வீடு

ஐம்பதுகளில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு காணிக் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்தேன். முதல் நாளே எங்கள் மேலதிகாரியான ஐயா சுவரில் சரிந்து தொங்கிய படமொன்றைக் காட்டி, "தம்பி, அது அஸ்கியூவா நிக்குது, நிமித்தி விடும்" என்றார். படத்தை நிமிர்த்திவிட்டு ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைப் பார்த்தேன். கோணலானது, நேராக இல்லாதது என்று இருந்தது. எதற்கு நேராக என்று இல்லை.

அந்தச் சொல் ஐயாவின் வாயை விட்டு இறங்காது. பியோனின் தொப்பி அஸ்கியூ, வேலிக் கதியால் அஸ்கியூ, என் தலை வகிடு அஸ்கியூ. தப்பிப் பிழைத்தது அவருடைய மேசை ஒன்றுதான். மேசை கிழக்கே பார்த்து இருந்தால் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைக்கும் என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். ரோடு வாய்க்காலை ஒட்டி, திசைகளுக்குக் கோணலாக ஓடியது. கந்தோரை ரோட்டுக்கு நேராகக் கட்டியிருந்தார்கள். ஆகவே மேசை அறைக்குக் குறுக்கே கோணிக் கிடந்தது. அதன் மூலையில் இடிபடாத தொடை எங்களில் ஒருவருக்கும் இல்லை. வாய் திறக்கத்தான் ஆளில்லை.

அந்த வருடம் மாரி மழைக்கு முன் குடியேற்றக் கொலனியில் எழும்பும் வீடுகளைப் பார்வையிடப் போனோம். எல்லா வீடும் ரோட்டைப் பார்த்து நிற்க, பளையிலிருந்து வந்து குடியேறிய கந்தையாவின் வீடு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. சுவர் கூரை மட்டத்துக்கு எழும்பியிருந்தது.

"அஸ்கியூ! இடிச்சுப்போட்டு ரோட்டைப் பாத்துக் கட்டும்" என்றார் ஐயா.

கந்தையா தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார். "ஐயா, முந்தின வீட்டில ரெண்டு பிள்ளையளைப் பறிகுடுத்தனாங்கள். அது தெற்கு வாசல். இப்ப எங்களுக்கெண்டு இருக்கிறது அந்தக் கைக்குழந்தை ஒண்டுதான். கிழக்கு வாசல் இல்லாட்டி மனுசி உள்ளுக்குக் கால் வைக்க மாட்டா."

மனைவி கைக்குழந்தையோடு மரத்தடியில் நின்றார். மழை பிடித்தால் அவர்களுக்கு ஒழுகும் கொட்டில்தான் கதி.

கந்தோருக்குத் திரும்பி, ஐயா சொல்லச் சொல்ல அறிக்கையை டைப் அடித்தேன். 'வீடு அஸ்கியூ' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"சேர், எதுக்கு அஸ்கியூ எண்டு போடட்டே? ரோட்டுக்கோ, கிழக்குக்கோ?"

"இதென்ன கேள்வி? ரோட்டுக்குத்தான்" என்று எழும்பியவரின் தொடை மேசை மூலையில் இடித்தது. தடவிக்கொண்டே மேசையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"கிழக்கு வாசல் வீடு எண்டு மட்டும் அடியும். இடிக்கத் தேவையில்லை."

மழைக்கு முன்பே கூரை ஏறிவிட்டது. பால் காய்ச்ச எங்களையும் அழைத்திருந்தார்கள். கந்தையாவின் மனைவி குழந்தையை அணைத்தபடி வலது காலை உள்ளே வைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஐயா தேத்தண்ணிக் கோப்பையோடு அந்த வாசலில் நின்று வெளியே பார்த்தார்.

"தம்பி, இஞ்ச வந்து பாரும். ரோட்டெல்லோ அஸ்கியூவாக் கிடக்கு!"

பிறகு ஐயாவுக்கு இடமாற்றம் கிடைத்தது, மன்னாருக்கு. இன்று கந்தோர்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வீட்டைக் கோணல் என்று எழுதுமுன் அதன் வாசலிலும் ஒருமுறை நின்று பாருங்கள்.