நேராக எடுத்த படம்

மாமாவின் கேமராவைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் வாய் திறப்பதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அப்பா எழுந்து போய் வாசல் விளக்கைப் போடுவார், பட்டப்பகலாக இருந்தாலும். அவர் விளக்குப் போட்டுக்கொண்டிருக்கட்டும், நான் சொல்லிவிடுகிறேன்.

மாமா அம்மாவின் தம்பி. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஓட்டை ரேடியோக்களுக்கு நடுவில் கிடந்த அந்தக் கேமராவை அவர் வாங்கி வந்தபோது, ஊரில் எல்லோர் கையிலும் பிளாஷ் வைத்த பிளாஸ்டிக் கேமரா வந்துவிட்டிருந்தது. "எதுக்குடா இந்தக் கிழட்டு இரும்பு?" என்று அம்மா கேட்டாள். அத்தை அதைச் சக்களத்தி என்றே அழைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, அழகான சக்களத்திதான்.

தோல் உறையின் பித்தளைப் பொத்தானை விடுவித்தால் வெள்ளி நிறத்தில் எட்டிப் பார்க்கும். கையில் வாங்கினால் நல்ல கனம், நல்ல குளிர்ச்சி. லென்ஸ் வழியாகப் பார்க்கிற கேமரா இல்லை அது. மேலே ஓரத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். அதில் கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் எதிரில் நிற்பவர் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டாவது ஆள் மெதுவாக நகர்ந்து வந்து முதல் ஆளோடு ஒட்டிக்கொள்வார். ஒட்டியதும் அமுக்க வேண்டும். மாமா என்னை ஜன்னலில் பார்க்கவிட்டு வளையத்தைத் திருப்பச் சொல்வார். இரண்டு அம்மா, இரண்டு அப்பா, இரண்டு ஆடு என்று ஊரையே நான் ஒட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. ரேஞ்ச்ஃபைண்டர் என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம், வெகுகாலம் கழித்து வேறொரு ஊரில் கண்ணாடி அலமாரிக்குள் அதே ஜாதிக் கேமராவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதன் சத்தத்தையும் சொல்ல வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி லேசாக எடுத்தால் வருமே, அவ்வளவுதான். ஜன்னல் ஓரத்தில் இருந்ததால் மாமாவின் முகம் கேமராவுக்குப் பின்னால் முழுக்க மறையாது. ஒரு கண் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பேசிக்கொண்டே எடுப்பார். "இருங்க, ரெண்டும் ஒண்ணாவட்டும்" என்பார். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவர் எப்போதோ எடுத்து முடித்திருப்பார்.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். சின்ன வயதில் கஞ்சி வடிக்கும்போது பானை சாய்ந்து, இடது கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் வெந்துபோனது. ஆறிய பிறகும் தோல் சுருங்கி, பளபளப்பாக அப்படியே நின்றுவிட்டது. யாராவது எதிரில் வந்தால் அவள் கை தானாகத் தாவணித் தலைப்பைக் கன்னத்துக்குக் கொண்டுபோகும். பல் வலிக்கிறதா என்று கேட்ட புண்ணியவான்கள்கூட உண்டு.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது காணையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ராணுவத்தில் வேலை, வடக்கே எங்கேயோ. அவன் வரவில்லை, அப்பா அம்மா மட்டும் வந்தார்கள். அந்த அம்மாள் அக்காவின் கன்னத்தைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். "இதுல என்னா இருக்கு, தங்கமான பொண்ணு. பையன்கிட்ட நாங்க சொல்லிக்கிறோம். ஒரு போட்டோ மட்டும் குடுங்க" என்றாள். அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நல்ல மனிதர்களா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

படம் எடுக்க மாமா வந்தார். கிணற்றடியில் ஒரு நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தார். அவள் வலது கன்னம் மட்டும் தெரியும்படி திரும்பிக்கொண்டு அசைய மறுத்தாள். மாமா வற்புறுத்தவில்லை. அவள் கேட்டபடியே எடுத்துவிட்டு, "முடிஞ்சிபோச்சி, எழுந்திரு" என்றார். அக்கா தலைப்பை விட்டுவிட்டு எழுந்தாள். அந்த நேரம் பார்த்து நான் பாசியில் வழுக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். மாமா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கியிருக்கவில்லை. அந்த நாக்குச் சத்தம் எனக்குக் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு படங்களோடு வந்தார். அக்கா தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். ஒன்று, பக்கவாட்டில் எடுத்தது. காலண்டர் பெண் மாதிரி லட்சணமாக இருந்தது. இன்னொன்று, நேராக எடுத்தது. தழும்பு மறையவில்லை, ஒரு சுருக்கம்கூட மறையவில்லை. கண் பாதி மூடிப்போகிற மாதிரி ஒரு சிரிப்பு, நெற்றியில் பறக்கிற முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக. அக்கா இவ்வளவு அழகு என்று அதுவரை எனக்குத் தெரியாது. தழும்பும் அந்த முகத்தோடு பிறந்தது போலத்தான் இருந்தது.

"ரெண்டையும் அனுப்புங்க மச்சான். இத்தப் பார்த்துட்டு ஒத்துக்கினான்னா அவன்தான் மாப்ள" என்றார் மாமா.

"சரிடா, சரி" என்றார் அப்பா. மாமா பேருந்து ஏறியதும், நேராக எடுத்த படத்தை நாலாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டார். "அக்காகிட்ட சொல்லாத பாப்பா. பார்த்தா மனசு கஷ்டப்படும்" என்றார். அப்பாவுக்குத்தான் அக்காமேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வந்து இறங்கினார். பெண்ணழைப்பில் வீடியோக்காரன் விளக்கு அக்காவின் முகத்தில் விழுந்தபோதுதான் அவர் முதன்முதலாகப் பார்த்தார். அவருடைய அம்மா எதையும் சொல்லியிருக்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது, மேளம் வந்துவிட்டது. தாலி கட்டினார். லீவு முடிந்ததும் தனியாக ரயில் ஏறினார். அடுத்த லீவில் அக்காவைப் பெட்டியோடு கொண்டுவந்து விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விட்டார்.

அன்று கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. மாமாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை அந்தப் பக்கவாட்டுப் படத்தை ஸ்டூலின்மேல் வைத்தார்.

"தழும்பு எனக்குப் பெருசில்லீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். இப்பிடி ஏமாத்திட்டீங்களே" என்றார். சொல்வதற்கு எவ்வளவு சுலபமான வசனம்! ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மாமாவைக் கை காட்டினார். "எங்களுக்கு என்னாங்க தெரியும்? இவன்தான் அந்த எழவெடுத்த கேமராவ வெச்சிக்கினு மறைச்சி மறைச்சி எடுத்தான். டேய், என் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டியேடா!"

கன்னத்தைத் தடவிப் பார்த்த அதே அம்மாள், "ஆமாங்க, கேமராவுல இவனுங்க என்னென்னமோ பண்றானுங்க. நம்பள மாதிரி ஆளுங்களுக்கு என்னா தெரியும்" என்றாள்.

மாமா வாயைத் திறந்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா நேரா எடுத்த போட்டோவும் குடுத்தாரே! அப்பாதான் அடுப்புல போட்டாரு!" என்று கத்தினேன்.

கூடத்தில் யாருக்கும் காது செவிடில்லை. "உள்ள போடி!" என்றார் அப்பா. அந்த அம்மாள் காப்பி டம்ளரை எடுத்து ஆற்றத் தொடங்கினாள். ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டியவர் மாப்பிள்ளை. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு பேருந்துக்கு நேரமாகிறது என்றார். எல்லோருக்கும் பழிபோட ஓர் ஆள் கிடைத்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்?

மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கேமராவைச் சந்தையிலேயே கொண்டுபோய்த் தள்ளிவிட்டதாகச் சொன்னார்கள். பல வருடம் கழித்து, அந்தப் படத்தின் நெகட்டிவாவது கிடைக்குமா என்று திண்டிவனத்துக்குப் போய்க் கேட்டேன். அவமானம் தாங்காமல், கூடத்தில் பேச்சு நடந்த அன்று இரவே மாமா எல்லாவற்றையும் கொளுத்திவிட்டதாக அத்தை சொன்னாள். எனக்குக் காப்பி கொடுத்தாள், மாமா உள்ளே இருந்தும் வெளியே வரவில்லை.

கூடத்திலிருந்து விரட்டப்பட்ட அன்று நான் சமையலறைக்குள்தான் ஓடினேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பேசியது முழுக்க அவளுக்குக் கேட்டிருந்தது. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நேரா எடுத்தாரா? என்னையா? எப்படி?"

"நான் தொட்டியில விழுந்தேன் இல்ல, நீகூட சிரிச்சியே. அப்ப."

அவள் கை அரிசிக்குள்ளேயே நின்றது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அதுல நான் எப்பிடிடி இருந்தேன்?"

வெளியே என் சாட்சியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இவளாவது கேட்கிறாளே என்று நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"தழும்பு நல்லாத் தெரிஞ்சுதுக்கா. கழுத்து வரைக்கும் தெளிவா இருந்துச்சி."

அக்கா "ம்" என்றாள். மறுபடி அரிசியைக் களையத் தொடங்கினாள். சரியான பதிலைச் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.