நாலாவது காயில் உட்காரவில்லை

மனைவிக்கு ஒன்பதாம் மாதம். காரோ ஒரு வாரமாக உதறுகிறது. எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும் என்று, ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் நாலு ஆன்லைனில் வாங்கி, வீடியோ பார்த்து, இன்று காலை நானே மாற்ற இறங்கினேன்.

வாசலில் நின்று அவள் சொன்னாள்: "இன்னிக்கு திங்கக்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி மாட்டிடுங்கோ."

மணி ஏழு இருபது. பழையதையெல்லாம் அவசரமாகப் பிடுங்கினேன். புதியதில் மூன்று கச்சிதமாக இறங்கின. நாலாவது ஒரு விரற்கடை மேலேயே நின்றது. போல்ட் எட்டவில்லை. அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயம்.

உள்ளேயிருந்து அவள், "இடுப்பு லேசா வலிக்கறது" என்றாள்.

விற்ற கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, "தவறான பொருள், ஏமாறாதீர்கள்" என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் ஆரியசாலை மெக்கானிக் முருகன் அண்ணனைக் கூப்பிடத் தோன்றியது.

வந்தவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. "சாரே, பழசு நாலையும் எடுங்க" என்றார், மலையாளம் கலந்த தமிழில். வரிசையாக வைத்தேன். மூன்றின் நுனியில் ரப்பர் குழல் இருந்தது. ஒன்றில் இல்லை.

"அது கிழிஞ்சு குழிக்குள்ள கெடக்கு, கேட்டோ. அதுமேல புதுசு எப்படி இறங்கும்? பழசை மெதுவா திருகித்தான் எடுக்கணும். அப்படி என்ன அவசரம்?"

காரணத்தைச் சொன்னேன். சிரிக்காமல் இடுக்கியால் ரப்பரை வெளியே இழுத்தார். எட்டு பத்துக்கு, ராகுகாலம் நடக்கும்போதே, நாலாவதும் உட்கார்ந்தது.

கார் உதறவில்லை. அவளுக்கும் வலி நின்றுவிட்டதாம். எனக்குத்தான் படபடப்பு நிற்கவில்லை.

எழுதிய விமர்சனத்தை எப்படி அழிப்பது, யாராவது சொல்லுங்களேன்? அதற்குள் இரண்டு பேர் "பயனுள்ளது" என்று அமுக்கியிருக்கிறார்கள்.