கோதாவரிக்கு இந்தப் பக்கம்

கடலோர ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். வேண்டா என்பவள் பல வருடங்களாக இந்தப் பள்ளி வேனை ஓட்டுகிறாள். எந்த வேகத்தடையில் எந்தப் பிள்ளை தூங்கி விழும் என்பது வரை அவளுக்குத் தெரியும். போவதும் அவசரம், திரும்புவதும் அவசரம். வீட்டில் புருஷனுக்குச் சர்க்கரை ஊசி போட்டு, சோறு வடித்து வைத்துவிட்டு, மறுபடி பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும்.

புருஷன் ஜானகிராமன் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவன். அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். கல்யாணமான புதிதில் விடிகிற நேரத்தில் போன் வரும்.

"வேண்டா, கோதாவரி பாலத்து மேல போய்கினுக்கறேன். இன்னா தண்ணி தெரியுமா! கடல் மாரி கீது."

போனுக்குள் சக்கரங்கள் தடதடக்கும் சத்தம் கேட்கும். "என்னையும் ஒருவாட்டி இட்டுகினு போயேன்" என்பாள். "அடுத்த லோடுக்கு" என்பான். அடுத்த லோடுக்கு அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. அதற்கடுத்து முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு மகள் ஜெயப்பிரியாவின் படிப்பு. கடைசியில் சர்க்கரை நோய் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. கோதாவரியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் செங்கல்பட்டு ரயில்வே கேட்டில் வேன் நிற்கும்போது வடக்கே போகும் ரயில் எதுவானாலும் வேண்டா கடைசிப் பெட்டி மறையும் வரை பார்ப்பாள். பின்னால் பிள்ளைகள் "கேட் தொறந்துட்டாங்க ஆன்ட்டி" என்று கத்த வேண்டியிருக்கும்.

போன ஐப்பசி மழையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத்தோப்பில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. பழைய தீயணைப்பு வண்டியை வீடாக மாற்றியிருந்தார்கள். பக்கவாட்டில் ஜன்னல், ஜன்னலில் திரை, கூரைமேல் சோலார் பலகை. ஒரு காலை, நனைந்த தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் சாலை நடுவில் நின்று இரண்டு கைகளையும் வீசினாள். வண்டியைக் காட்டினாள். உள்ளே அவள் கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

வேண்டா பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்து அவனைப் பின் சீட்டில் படுக்கவைத்தாள். அன்று பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு முன்னால் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் வேன் நின்றது. குடல்வால் வெடிக்கும் நிலைமை. அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார்கள்.

அவள் பெயர் ஹன்னா, அவன் யோரிஸ். பெல்ஜியத்திலிருந்து கிளம்பி ஐந்து வருடமாகச் சாலையிலேயே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, எடை தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள் டாக்டர்கள். தோப்பில் மழைத்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வேண்டா தன் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையைக் காட்டினாள். ஹன்னா வண்டியை மெல்ல ஓட்டிவந்து முருங்கை மரத்தடியில் நிறுத்தினாள்.

பேச்செல்லாம் கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் போன் வழியாக. ஹன்னா போனில் பேசினால் அது மேடைப்பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்லும். ஜானகிராமனுக்கு அது பெரிய வேடிக்கை. ஒரு சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யோரிஸிடம் கேட்டான்.

"ஒரு நாளிக்கு எத்தினி கிலோமீட்டர் ஓட்டுவீங்க?"

"ஐம்பது. சில நாட்களில் அறுபது" என்றது போன்.

ஜானகிராமன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அத்த நான் நாஸ்தாவுக்கு முன்னாடியே ஓட்டிருவேனே!"

ஹன்னா சிரிக்கவில்லை. போனை வாயருகில் பிடித்து நிதானமாகச் சொன்னாள். முதல் வருடம் அவர்களும் வேகமாகத்தான் ஓட்டினார்களாம். துருக்கியை நான்கே நாளில் கடந்தார்கள். எல்லை தாண்டிய பிறகு, துருக்கி எப்படியிருந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டபோது இருவருக்கும் பெட்ரோல் பங்குகள் மட்டுமே நினைவில் இருந்தன. பெரிய சண்டை வந்தது. அதிலிருந்து எந்த நாடானாலும் சூரியன் உச்சிக்கு வருமுன் வண்டியை நிறுத்திவிடுவார்கள். பிடித்த இடமென்றால் மறுநாளும் கிளம்புவதில்லை.

ஜானகிராமன் வேண்டாவின் பக்கம் திரும்பினான். "யாருனா கேட்டா எனக்கும் டீக்கடதான் ஞாபகம் வருது. இந்தியா பூரா சுத்திக்கிறேன். கோதாவரி ஒண்ணுதான் கண்ணுக்குள்ளாற நிக்குது" என்றான்.

அரையாண்டு விடுமுறை வந்தபோது யோரிஸ் தேறிவிட்டான். ஆந்திரா வழியாக நேபாளம் போவதாகத் திட்டம். விடுமுறை முடியும் வரை நீயும் வா என்று ஹன்னா கூப்பிட்டாள். வேண்டா உடனே முடியாது என்று தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். ஜானகிராமன் ஊன்றுகோலோடு பின்னாலேயே வந்தான்.

"போயேன். நான்தான் அடுத்த லோடு, அடுத்த லோடுன்னுகினே இருந்துட்டேன்."

"உனக்கு ஊசி யாரு போடுவா?"

"ஜெயப்பிரியாவ லீவு போட்டுகினு வர சொல்லிட்டேன். கோதாவரிய பாத்துட்டு வா."

அவன் முன்கூட்டியே மகளுக்குப் போன் செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கினாள்.

அந்த வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம். வேண்டா உட்கார்ந்த வலப்பக்கத்து இருக்கை, நம் வண்டிகளில் டிரைவர் இருக்குமிடம். எதிரே லாரி வந்தால் அவளுடைய வலது கால் தானாகக் கீழே பிரேக்கைத் தேடும். ஸ்டியரிங் இல்லாமல் ஒரு பொம்பளை வண்டி ஓட்டுகிறாள் என்று டோல்கேட்டில் எட்டிப் பார்த்தார்கள். முதல் இரண்டு நாள் அவளால் தாங்க முடியவில்லை. மாட்டுவண்டி வேகம். பழவேற்காடு ஏரிக்கரையில் முன்பகலிலேயே நிறுத்தி, பாய் விரித்து, கத்தரிக்காய் சுட ஆரம்பித்தார்கள். மறுநாளும் கிளம்பவில்லை. "இன்னாமா இது, இப்பிடிப் போனா எப்ப போய் சேர்றது?" என்று அவள் தனக்குள் புகைந்துகொண்டிருந்தாள்.

அங்கே பூநாரைகள் இருந்தன. வேடந்தாங்கல் பக்கத்தில் பிறந்தவளுக்குப் பறவை புதிதல்ல. ஆனால் ஒரு பறவைக்கூட்டம் இரை தேடுவதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தது அவள் வாழ்நாளில் அதுதான் முதல்முறை. வலை காயப்போட வந்த எல்லம்மாள் என்கிற கிழவி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே தன் மூன்று மருமகள்களின் கதையையும் சொல்லி முடித்தாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அன்று தன் தோள்கள் காதுக்கருகிலிருந்து கீழே இறங்கியதை வேண்டா உணர்ந்தாள். அவை எத்தனை வருடமாக மேலே இருந்தனவோ.

சூலூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை, நெல்லூர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மரம், ஒரு குழாயடி, இரண்டு முகங்கள். காவலி வந்தபோது விடுமுறை தீரப்போகிறது என்று போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கோதாவரி இன்னும் எங்கேயோ இருந்தது.

அவள் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் வரைபடத்தை விரலால் அளந்துகொண்டிருந்ததை ஹன்னா பார்த்துவிட்டாள். அவளும் யோரிஸும் தங்களுக்குள் பேசினார்கள். யோரிஸ் போனை எடுத்தான். "நாளை ஒரு நாள் மட்டும் நிற்காமல் ஓட்டுவோம். மாலைக்குள் உங்கள் நதியைக் காணலாம்."

வேண்டா சரி என்றாள்.

இருட்டு பிரியுமுன் கிளம்பினார்கள். பழைய எஞ்சின் அலறியது. ஹன்னா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள், யோரிஸ் வயிற்றில் கைவைத்தபடி ஒவ்வொரு குலுக்கலுக்கும் முகம் சுளித்தான். ஊர்கள் பலகைகளாக மட்டும் வந்து போயின. வேண்டாவின் தோள்கள் மறுபடி மேலே ஏறின. சாலையைப் பார்த்தாள், அது அவளுக்குச் செங்கல்பட்டுச் சாலையாகவே தெரிந்தது, மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டிய சாலை. ஒங்கோல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், "நிறுத்துமா" என்றாள். ஹன்னாவுக்குக் கேட்கவில்லை. அவள் கையைத் தொட்டு மறுபடி சொன்னாள்.

ஒரு கால்வாய்க்கரையில் நிறுத்தினார்கள். புகையிலை வயல்கள். யோரிஸ் இறங்கிப் புல்லில் மல்லாந்து படுத்தான். "ஏன்?" என்று ஹன்னா கேட்டாள், அதற்குப் போன் தேவைப்படவில்லை.

"இப்பிடிப் போய் பாத்தா அது எனக்கு ஞாபகம் இருக்காது" என்றாள் வேண்டா. சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. வடக்கே பார்த்தபடி கால்வாய்த் தண்ணீரில் கால் விட்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை தூரம் வந்து விட்டுவிட்டோமே என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஹன்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் தண்ணீரில் கால் விட்டாள்.

மறுநாள் அவளை ஒங்கோலுக்குத் திரும்பக் கொண்டுபோய் ரயிலேற்றிவிட்டார்கள். பத்து நாளில் போன தூரத்தை ரயில் ஒரு பகலுக்குள் சுருட்டிக்கொண்டு வந்தது.

"கோதாவரி பாத்தியா?" என்றான் ஜானகிராமன், அவள் செருப்பைக் கழற்றுமுன்.

"இல்ல."

அவன் முகம் விழுந்தது. அவள் எல்லம்மாளின் மருமகள்களிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு வாரத்துக்கு அந்தக் கதை நடந்தது. அவன் லாரி ஓட்டிய அதே சாலைதான். "நாயுடுப்பேட்டைல கொளம் கீதா? நான் பாத்ததே இல்லியே" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஹன்னாவும் யோரிஸும் நேபாளத்திலிருந்து படம் அனுப்பினார்கள். போகிற வழியில் கோதாவரிப் பாலத்திலிருந்தும் ஒரு படம் வந்தது. வேண்டா அதைத் திறந்து பார்க்கவில்லை, அழிக்கவும் இல்லை.

கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் பாஸ்போர்ட் விசாரணைக்குக் காவல் நிலையத்திலிருந்து ராஜாராம் என்ற ஏட்டு வந்தார்.

"எந்த நாட்டுக்குமா போற?"

"தெரியல சார்."

"வேலைக்கா? ஏஜென்ட் யாராவது துட்டு கேட்டானா?"

"இல்ல சார். ஊர் பாக்க."

அவர் காகிதங்களைப் புரட்டினார். அடியில் இன்னொரு விண்ணப்பம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து புதிய செயற்கைக்காலின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்த ஜானகிராமனை ஏறிட்டார்.

"இவுருக்குமா?"

"ஆமா சார்" என்றாள் வேண்டா. "எங்க ரெண்டு பேருக்கும்."

ஏட்டு பேனாவை எடுத்து அவள் பெயரை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார். வெளியே வேன் நின்றிருந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரமாகிக்கொண்டிருந்தது.