கெளுத்தி முள்

ஊரூர் குப்பத்தில் என்னை நம்பி யாரும் ரகசியம் பேசமாட்டார்கள். காலையில் காதில் விழுந்ததைச் சாயங்காலத்துக்குள் கடற்கரை முழுக்கப் பரப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு ரகசியத்தைக் கட்டிக்காத்தேன். பாவி, அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். ஒருநாள், கரையேற்றிய படகுக்குப் பின்னால் மாமா தன் கையில் தானே ஊசி போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

“சத்து ஊசிம்மா. உங்கம்மாகிட்ட சொல்லாத, பயந்துக்கும்” என்றார். நம்பினேன். அதன்பிறகு தினமும் பள்ளிக்கூடத்துக்கு மாமாவின் சைக்கிளில் சவாரி.

சில வாரங்களில் அந்தக் கை வீங்கிச் சிவந்து, காய்ச்சல் அடித்தது. கெளுத்தி முள் குத்திவிட்டது என்றார் மாமா. மீன்காரி வீட்டில் அதை யார் சந்தேகிப்பார்கள்? அம்மா மஞ்சள் பத்துப் போட்டுவிட்டு என்னை மருந்துக்கடைக்கு விரட்டினாள். சீட்டு கேட்காமலே அட்டையிலிருந்து நாலு மாத்திரை வெட்டித் தந்தார்கள். இரண்டிலேயே காய்ச்சல் விட்டது. மிச்சத்தை அம்மா அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்துவைத்தாள். அதுவும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. சிக்கனத்தில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

நாலாவது முறை மாமா உட்காரவே முடியாமல் நடுங்கினார். ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவர் ஊசி ஏதாவது போட்டுக்கறாரா?”

“இன்னாம்மா கேக்கற? அது பீடிகூட புடிக்காது” என்றாள் அம்மா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார்.

“கெளுத்தி முள்ளுதான். நான் பாத்தேன்” என்றேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதி என்று நினைத்தேன்.

கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. அரைகுறையாகத் தின்ற மாத்திரைகளுக்கெல்லாம் பழகிப்போன கிருமி. ஏற்றிய மருந்து எதற்கும் மசியவில்லை. பத்தாம் நாள் மாமா போய்விட்டார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது.

அம்மா இன்றும் கூடையில் கெளுத்தி எடுப்பதில்லை. கண்ணில் பட்டால், “என் தம்பிய தின்ன மீனு” என்று மண்ணை வாரித் தூற்றுவாள். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நிற்பேன்.

என் வாயைப் பற்றி மாமாவுக்குத் தெரியாதா? அக்காவின் எதிரில் தன்னால் சொல்ல முடியாததை நான் உளறிவிடுவேன் என்று நம்பித்தான் அன்று அப்படிப் பார்த்தார் என்பது, ஒன்பது வயதில் எனக்குப் புரியவில்லை.