யார் அக்கா என்று வந்த சண்டை

பூரணி, நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஏழாம் வகுப்புக்குப் போவதற்கு முன்னால், அந்தக் கோடை லீவில் நாம் போட்ட சண்டையை இன்றைக்கு எல்லாரிடமும் சொல்லிவிடப் போகிறேன்.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. அதிலும் கணக்கில் பெயில். எழுத்து முன்னே பின்னே இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். நானும் பூரணியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எனக்கு அப்பா இல்லை, அவளுக்கு அம்மா இல்லை. என் அம்மா தேங்காய் நார் மில்லில் வேலை பார்த்தார். அவள் அப்பா ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். சந்தை நாளில் கன்றுக்குட்டி ஏற்றுவார், மற்ற நாளில் தேங்காய்.

பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம் போலிருக்கிறது, பின்னந்தலையைப் பார்த்தே சொன்னார்.

“பூரணி அப்பாவக் கட்டிக்கலாம்னு இருக்கேன் கண்ணு. நீ என்ன சொல்ற?”

“அப்ப பூரணி நம்ம கூடவே இருப்பாளா?”

“நாமதான் அவங்க ஊட்டுக்குப் போகோணும்.”

“ராத்திரியுமா?”

“ராத்திரியுந்தான்.”

அவ்வளவுதான். ஒரு பக்கம் பின்னி, ஒரு பக்கம் பின்னாத தலையோடு ஓடினேன். எதிரே அவளும் ஓடி வந்தாள். அவள் அப்பாவும் அதே நேரத்தில்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார். தண்ணி டேங்க் பக்கத்தில் கட்டிப்பிடித்துக் குதித்ததில் அவள் செருப்பு வார் அறுந்துபோனது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்களுக்குத் திட்டம் போடுவதே வேலை. கட்டிலில் சுவர்ப் பக்கம் யார், சைக்கிளை யார் மிதிப்பது, என்னுடைய பச்சைப் பாவாடையை அவள் வெள்ளிக்கிழமை போடலாமா, எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. பெரியவர்கள்தான் மெதுவாக இருந்தார்கள். பூரணி அப்பா தன் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “ரெண்டு புள்ளைகளும் மனசாரச் சரின்னு சொன்னாத்தான். இல்லீன்னா இந்தப் பேச்சே வேண்டாம்.” ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சொந்தக்காரர்களை வைத்து எங்களிடம் கேட்பதாக ஏற்பாடு. கேட்க என்ன இருக்கிறது என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் அட்டை கொடுத்தார்கள். மார்க்கைப் பார்க்கிற அளவுக்கு என் மார்க் இல்லாததால் மேலே இருந்த பிறந்த தேதியைப் பார்த்தேன். எனக்கு மார்ச், அவளுக்கு அதே வருஷம் மே. எனக்குத் தலை கால் புரியவில்லை.

“ஏ, நாந்தான் மூத்தவ. இனி நீ என்னைய அக்கான்னு கூப்டோணும். வாங்க போங்கன்னு மருவாதியாப் பேசோணும்.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அக்காவை ‘வா, போ’ என்று யாரும் பேச மாட்டார்கள், ‘வாங்கக்கா’தான். நான் பிறந்ததிலிருந்து என்னை யாரும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. ஆசையாக இருந்தது.

பூரணி சிரிக்கவில்லை. “கூப்பிட மாட்டேன்” என்றாள்.

“ஏன்?”

“மாட்டேன்னா மாட்டேன். வேணும்னா நீ என்னைய அக்கான்னு கூப்பிடு.”

“அட்டையில போட்டிருக்குதுல்ல. எழுதப் படிக்கத் தெரியுமா உனக்கு?”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குத் திமிர் என்று நான் முடிவு செய்தேன். அவள் வீட்டுக்குத்தானே போகப்போகிறோம், அதற்குள் இந்தத் திமிரா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை முழுக்கப் போர் நடந்தது. நான் கேட்ட மரியாதையை அவள் கொடுத்தாள், ஆனால் வேறு மாதிரி. கடையில் குச்சி ஐஸ் வாங்கப் போன இடத்தில், “வாங்க. நல்லா இருக்கீங்களா? நீங்க மொதல்ல வாங்கிக்குங்க” என்றாள். எனக்கு உச்சி மண்டை வரைக்கும் எரிந்தது. “பரவால்லீங்க, நீங்க வாங்குங்க” என்றேன். “அது எப்படீங்க, பெரியவங்க இருக்கையில?” என்றாள். கடைக்கார அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க சம்பந்திகளே, ஐஸ் கரையுது, யாராச்சும் ஒருத்தர் வாங்கிட்டுப் போங்க” என்றார்.

எங்கள் ஊர் ‘ங்க’ சர்க்கரை மாதிரி என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நேற்றுவரை ‘ஏய்’ என்று கூப்பிட்டவள் அதைப் போட்டால் அது கன்னத்தில் அறைகிற மாதிரி என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா புதுச்சேலை கட்டியிருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார். வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். பூரணி வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். அவள் அத்தை எல்லாருக்கும் எலுமிச்சை ஜூஸ் கலக்கிக் கொடுத்தார். என்னுடைய டம்ளரைப் பூரணியே கொண்டு வந்தாள்.

“குடிங்க. சக்கரை பத்துதுங்களா?”

“பாரு, புள்ளைக்கு எத்தன மருவாதி” என்று அத்தைக்குச் சந்தோஷம். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தருக்கும் அது சண்டை என்று தெரியவில்லை. நான் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தேன். அப்போது பார்த்து அத்தை என் கன்னத்தைப் பிடித்துக் கேட்டார். “ஏஞ்சாமி, இந்த ஊட்டுக்கு வந்துர்றயா?”

“வரலீங்க” என்றேன். “எனக்கு இந்த ஊடு வேண்டாங்க.”

பூரணியைத்தான் குத்தினேன். ஆனால் குனிந்துகொண்டது அம்மாவின் தலை.

பூரணி அப்பா என்மேல் கோபப்படவே இல்லை. “செரி கண்ணு. உனக்கு வேண்டாம்னா வேண்டாம்” என்று எழுந்து, அவரே எங்களை வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டார். இறங்கும்போது அம்மா, “வாரேனுங்க” என்றார். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. “உடு கண்ணு, இத்தன நாளு இருந்த மாதிரியே இருந்துக்கலாம்” என்று சிரித்தார். மறுநாள் காலையில் வாசலில் பூத்த கனகாம்பரத்தைப் பறித்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். அதற்கு மறுநாளும் அப்படியே. நான் செய்தது என்ன என்று எனக்கு அந்தப் பூவைப் பார்த்துத்தான் புரிந்தது. ஆனால் போய்ச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பூரணியிடம் தோற்ற மாதிரி ஆகிவிடுமே. பதினோரு வயசுக் கழுதைக்கு அம்மாவின் வாழ்க்கையைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். மில் களத்தில் நார் காயப் போட்டிருந்தார்கள். பெண்களெல்லாம் வேப்ப மரத்தடியில் தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அப்போது கேட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“அக்கா.”

பூரணி. வேகாத வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். அறுந்த செருப்பு வாரில் ஊக்குக் குத்தியிருந்தது. முகமெல்லாம் நார்த்தூசி.

“அக்கா, ஊட்டுக்கு வாங்கக்கா.”

இருபது பெண்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குச் சந்தேகம். “மறுக்காவும் நக்கலா?” என்றேன்.

“நக்கலு இல்ல. எங்கப்பன் மூணு நாளா ஒரே ரசத்தச் சுட வெச்சுச் சுட வெச்சு ஊத்தறாரு. கேட்டா, பசிக்கலைங்கறாரு. ராவுல வண்டியில போய் உக்காந்துக்கறாரு. உங்கம்மா வரோணும். நீங்க அக்காவாவே வாங்க. நான் எங்க வேணாலும், யாரு முன்னால வேணாலும் கூப்பிடறேன்.”

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவளும். மரத்தடியில் ஒரு பாட்டி, “ஏம்புள்ள, கல்யாணம் உங்கம்மாளுக்கா, உங்க ரெண்டு பேத்துக்கா?” என்று கேட்டதும் களமே சிரித்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை சொல்லவில்லை.

அங்கேயே ஓர் ஒப்பந்தம் போட்டோம். ‘அக்கா’ உண்டு, ‘ங்க’ கிடையாது. அதனால்தான் கடைசிவரைக்கும் அவள் என்னை, “அக்கா, போடி” என்றுதான் கூப்பிட்டாள். கேட்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கோயிலில் வைத்துத் தாலி கட்டியாகிவிட்டது. பூரணி அப்பா எனக்கும் அப்பா ஆனார். அக்காவாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சுவர்ப் பக்கம் படுக்க ஆசைப்பட்டால், “அக்காதான் விட்டுக் குடுக்கோணும்” என்பாள். பல் பிடுங்கப் போனால், “அக்கா, நீ மொதல்ல போ” என்று தள்ளிவிடுவாள். நாயைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். எட்டு வருஷம் இப்படியே அந்தப் பட்டத்தை வைத்து என்னை ஏய்த்தாள். நானும் கெத்தாக அவளை அதிகாரம் செய்தேன். அவள் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தபோதுகூட, தினமும் போன் போட்டு, “அக்கா, இன்னிக்கு என்ன கொழம்பு?” என்பாள்.

போன ஐப்பசியில் அவளுக்கு டெங்கு வந்தது. ஐந்தே நாள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போஸ்டர் அடிக்க நானும் அப்பாவும் பொள்ளாச்சிக்குப் போனோம். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி பிறந்த தேதி கேட்டான். அப்பா சொன்னார். மே மாசம் சரி, தேதி சரி, வருஷம் மட்டும் ஒன்று முன்னால் இருந்தது.

“வருஷம் தப்புங்கப்பா” என்றேன்.

“இல்ல கண்ணு. அதுதான் நெசம்.”

கடை வாசலுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னார். பூரணியின் அம்மா தவறிய சமயத்தில் அவர் ஒரு வருஷம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார். பிறகு சேர்க்கப் போனபோது, வயசு கூட என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து ஒரு வருஷத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது, விட்டால் பேரை எடுத்துவிடுவார்கள் என்று அவளையும் மிரட்டி வைத்திருந்தார். அவள் என்னைவிடப் பத்து மாதம் மூத்தவள். ரிசல்ட் அட்டையைக் காட்டி நான் சத்தம் போட்டபோது அவள் வாயெடுத்துச் சொல்லாமல் போனது அதைத்தான்.

“நீ வேண்டாம்னு சொல்லிட்டுப் போன பொறவு நானே வந்து உண்மையச் சொல்லிப்போடலாம்னு இருந்தேன்” என்றார் அப்பா. “அவதான் உடல. ‘அந்தப் புள்ள நம்மூட்டுக்கு வெறுங்கையோட வர வேண்டாம்ப்பா, அக்காவா வரட்டும்’னுட்டா. பொறவு நானும் உட்டுட்டேன் கண்ணு.”

உள்ளே போனேன். கீழே குடும்பத்தார் பெயர் போடுகிற இடத்தில் என் பெயருக்கு முன்னால் ‘அக்கா’ என்று ஏற்கெனவே அடித்து வைத்திருந்தான். அதை எடுத்துவிட்டு ‘தங்கை’ என்று போடச் சொன்னேன்.

போஸ்டர் ஒட்டிய அன்றைக்கே ஊரில் நாலைந்து பேர் அப்பாவுக்குப் போன் பண்ணினார்கள், அச்சில் தப்பு வந்துவிட்டது என்று. ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அது தப்பு இல்லை. அதற்கு முன்னால் எட்டு வருஷம் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததுதான் தப்பு.

விட்டுக்கொடுக்கிறவர்கள் அதைச் சொல்லிக் காட்டுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கிண்டல் பண்ணிக்கொண்டே, நமக்குத் தெரியாமலேயே விட்டுக்கொடுக்கிறவர்களும் ஒரே கட்டிலில் படுத்திருக்கலாம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இதைப் படித்து முடித்ததும், நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், எங்கள் பூரணிக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.