வேம்பநாட்டுக் காயலில் பாய் கிழிந்த நாள்

ஆண்டவர் என்னை மறந்தேவிட்டார் என்று நான் நம்பின ஒரு கோடைகாலத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும், பங்கு மக்களே. என் பெயர் பிலோமினா. தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை எனக்கு ஊர்.

1953 தை மாதம். என் கணவர் சிலுவை கடலிலிருந்து திரும்பிக் கரையேறும் நேரம் ஓர் அலை வந்து கட்டுமரத்தைப் புரட்டியது. அந்தக் கனத்த மரம் அவர் இடுப்பின் மேலேயே ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடத்தினார்கள். பிறகு, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். புரண்டு படுக்கக்கூட நான் பிடித்துத் திருப்ப வேண்டும். ஜெபமாலையைக் கையில் எடுப்பேன். பாதியில் அழுகை வந்துவிடும்.

என் அண்ணன் சூசைக்கு ஆலப்புழையில் சரக்கு வள்ளத்தில் வேலை. பாஸ்கா திருநாளுக்கு ஊருக்கு வந்தவன், வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் எலும்பு பார்க்கும் வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்றான். பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தோம். முதல் பள்ளத்திலேயே என் வீட்டுக்காரர் அலறி மயங்கிவிட்டார். தண்ணீர் வழியைத் தவிர வேறு வழியில்லை.

அண்ணன் மணலில் விரலால் கோடு இழுத்துக் காட்டினான்.

"திருவனந்தபுரம் வரைக்கும் மாட்டு வண்டி. அடியில வைக்கோல் போடுவோம். அங்க நான் வள்ளத்தோட நிப்பேன். கால்வாய்ல கழி ஊன்றிக்கிட்டே போயிரலாம். அஷ்டமுடிக் காயலும் வேம்பநாட்டுக் காயலும் பெருசு. அதுல பாய் விரிச்சாத்தான் உண்டு."

"பயமில்லையா அண்ணே?"

"காலம்பற காத்து சாது. உச்சி திரும்பினா மேக்கேருந்து கச்சான் காத்து எழும்பும். அதுக்கு முன்ன கரை பிடிச்சிரணும். வைகாசி நடுவுல எடவப்பாதி மழை தொடங்கியாச்சுன்னா பின்ன நினைக்கவே வேண்டாம் ஏட்டி."

சித்திரைக் கடைசியில் புறப்படுவது என்று முடிவானது. கோடையில் காயல் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்றதால், குடிதண்ணீருக்குத் தகரங்களைக் கழுவி வைத்தேன். இவர் படுக்கும் பலகைக்குப் பஞ்சு அடைத்து மெத்தை தைத்தேன். பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டேன்.

வள்ளம் வரவில்லை. முதலாளி வேறு சரக்கு ஏற்றி அனுப்பிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னான். அதற்குள் இவருக்குக் காய்ச்சல் கண்டது. சித்திரை முடிந்து வைகாசியும் பிறந்தது. மேற்கே மேகம் கட்டுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையைத் தள்ளிப் போட என்னால் ஆகுமா?

"என்னைய இங்கயே விட்டுரு பிலோமி. சாவணும்னா நம்ம கரையில சாவுறேன்" என்றார்.

நான் எழுந்து போய்த் தண்ணீர்த் தகரங்களை மறுபடி கழுவி வைத்தேன்.

வள்ளம் வந்ததாகச் செய்தி கிடைத்ததும் புறப்பட்டோம். அண்ணனும் அவன் கூட்டாளி ஒருவனும் வள்ளம் செலுத்தினார்கள். அஷ்டமுடிக் காயலை நல்ல காற்றில் தாண்டினோம். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வேம்பநாட்டுக் காயலில் விடியும்போதே பாய் விரித்தோம். நடுக்காயலில் காற்று செத்துவிட்டது. பாய் துணிபோலத் தொங்கியது. இருவரும் துடுப்புப் போட்டுப் போட்டுக் களைத்தார்கள். கரை கிட்டே வரவேயில்லை. உச்சியும் திரும்பியது. மேற்கு வானம் கறுத்தது.

கச்சான் சீறி வந்தது. சுருட்டுவதற்குள் பாய் இரண்டாகக் கிழிந்தது. பாய்மரம் முறிந்து தண்ணீரில் விழுந்தது. அலை உள்ளே அடித்தது. பனங்காயாய் மிதந்து வளர்ந்த மனிதர், கடலோடே பிறந்தவர், பலகையில் கட்டிப்போட்டதுபோல் கிடந்தார். என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"கவுந்தா நீ நீந்திரு. என்னைப் பிடிக்காத. பிள்ளையளுக்கு நீயாவது வேணும்."

நான் அவர் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். சேசுவே, காற்றை நிறுத்தும் என்று கத்தினேன். நிற்கவில்லை. இன்னும் பலமாக அடித்தது. அதற்குப் பிறகு "நீரே பார்த்துக்கொள்ளும்" என்றேன். ஜெபம் என்று சொன்னால் அவ்வளவுதான்.

திடீரென்று வள்ளத்தின் ஆட்டம் நின்றது. தலையைத் தூக்கினேன். சுற்றிலும் ஆகாயத்தாமரை. வயல்போல அடர்ந்து கிடந்த அந்தச் செடிகளுக்குள் வள்ளம் போய்ச் சொருகி நின்றது. வெளியே அலை எழும்புகிறது, எங்களிடம் வரும்போது செடிக்கடியில் அடங்கிப்போகிறது. மழை கொட்டித் தீர்க்கும்வரை அசையாமல் கிடந்தோம்.

மழை விட்டதும் கரை தெரிந்தது. வயல் வேலைக்காரர்கள் சின்னத் தோணியில் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அண்ணன் அவர்களிடம் வைத்தியர் வீடு எங்கே என்று கேட்டான். அந்த வரப்பில் நேரே போனால் அவர் வீடுதான் என்று கை காட்டினார்கள். அண்ணன் முழங்கால் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான் போட்ட கணக்கு ஒண்ணும் நடக்கல ஏட்டி. பாயில்லாம ஆண்டவரு கொண்டு வந்து சேத்துட்டாரே!"

நான் நிறுத்தச் சொல்லிக் கதறிய காற்றுதான் எங்களை அந்தக் கரைக்குத் தள்ளியது.

மழைக்காலம் முழுவதும் அங்கே இருந்தோம். வைத்தியர் கட்டி, எண்ணெய் போட்டு, மறுபடி கட்டினார். ஓணம் நெருங்கும்போது இவர் சுவரைப் பிடித்து எழும்பி நின்றார். இன்றும் ஊன்றுகோல் வேண்டும். கடலுக்குப் போக முடியாது. கரையில் உட்கார்ந்து வலை முடிகிறார். ஆனால் பூசைக்குத் தானே நடந்து வருகிறார். இதோ, பின்வரிசையில் இருக்கிறார்.

அதிலிருந்து, படுக்கையில் கிடப்பவர்கள் உள்ள வீடுகளுக்கு நான் போய் உட்காருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் எழும்ப முடியாமல் கிடந்தால் என்னைக் கூப்பிடுங்கள். ஜெபிக்கத் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். எனக்கும் தெரியாது. சேர்ந்து உட்கார்ந்து ஆண்டவரிடம் கேட்போம். அவர் கேட்பார்.