சாவு அடிக்கு ஓடிப் பழகினேன்

நாற்பத்திரண்டு வயதில், நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடவும் செய்வேன், எல்லாம் ஒரே நாளில், நடுவில் உட்காராமல் செய்வேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக, அதாவது தொழிற்சாலைப் பொறுப்பாளராக இருந்தேன். அடுத்த தோட்டத்துத் துரை ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் இப்படியொரு போட்டியைப் பார்த்துவிட்டு, நம் மலையிலும் நடத்தலாமே என்று எல்லாத் தோட்டங்களுக்கும் கடிதம் அனுப்பியிருந்தார். அவருடைய தோட்டத்துக் குளத்தைக் குறுக்கே இருபது முறை கடக்க வேண்டும். அங்கிருந்து பசறை வழியாகப் பதுளைக்குச் சைக்கிள். பதுளையில் பத்து மைல் ஓட்டம்.

கடிதத்தை வாசித்த எங்கள் கிளாக்கர்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. சின்ன வயதில் பதுளை ஓயாவில் மீனைவிட அதிக நேரம் கிடந்தவன் நான் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

பயிற்சியின் மூன்றாம் நாளே சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தேன். குறுக்கே சிறுத்தை பாய்ந்தது என்று தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லிவைத்தேன். பாய்ந்தது ஒரு கோழி. அதுவும் பாயவில்லை, நடந்துதான் போனது. வலது முழங்காலில் சவ்வு கிழிந்து, பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பி வந்தேன். போட்டிக்கு மூன்றரை மாதம் இருந்தது.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த மறுநாளே குளத்தில் இறங்கினேன். எங்கள் தொழிற்சாலை எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் குளம் அது. (தேயிலைக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை, குடித்தவர்கள் பயப்பட வேண்டாம்.) காலைப் பனியில் அந்தத் தண்ணீர் உடம்பில் பட்டதும் பல் தானாகத் தாளம் போட்டது. ஆனால் நாலு கை வீசியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீருக்குள் எனக்கு நொண்டலே இல்லை. வாரத்துக்கு ஐந்து முறை கூட்டிக்கொண்டே போய், ஒரு மாதத்தில் இருபதைத் தாண்டினேன். சைக்கிளும் வசமானது. கால் மடங்கி மடங்கி நிமிர்ந்ததில் வீக்கமும் வடிந்தது.

கரையில் காலை வைத்தால் மட்டும் பழைய கதை. வலது காலை ஊன்றப் போகும்போதே மனம் முந்திக்கொண்டு, "போச்சு, இப்ப கிழியப்போகுது" என்று கூவும். கால் பயந்து இழுத்துக்கொள்ளும்.

போட்டிக்கு வருகிறவர்கள் உடம்பு சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கிய வைத்தியத் துண்டு கொண்டுவர வேண்டும் என்று கடிதத்திலேயே இருந்தது. அதைத் தருவது எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கையில் இருந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லாரும் அவரை டொக்டர் ஐயா என்போம். முழங்காலை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார்.

"மூட்டு ஆறிடுச்சு தம்பி. நீங்கதான் அதை நம்பமாட்டேங்கிறீங்க. இப்படி இழுத்துக்கிட்டு ஓடினா மத்தக் காலும் போயிரும். நேரா ஓடிக் காட்டுங்க, துண்டு தர்றேன்."

"எப்ப காட்டணும்?"

"போட்டிக்கு எட்டு நாள்தான் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா கரையில நின்னு கை தட்டுங்க."

"பழக வழி சொல்லுங்க."

"தாளம் வச்சு ஓடுங்க. ரெண்டு காலும் ஒரே மாதிரி விழணும்."

தாளத்துக்கு எங்கே போவது? தோட்டத்தில் தப்பு அடிக்கிறவர் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் வேலை செய்தார். வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு ஆட்களை எழுப்புவது அவர் தப்புதான். கவ்வாத்துக்காரர்களுக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். கேட்டதும் சந்தோஷமாக வந்தார். என் வீட்டுக்கு மேலே இருந்த குன்றின் மறுபக்கத்து வண்டிப் பாதையில் அவர் ஒரு கல்லில் உட்கார, நான் முன்னும் பின்னும் ஓடினேன்.

பெரட்டு அடி அடித்தார். அதற்கு ஈடுகொடுக்க எனக்கு இன்னும் இரண்டு கால் வேண்டும். காமன் கூத்து அடி அடித்தார். ஓடுவதை விட்டுவிட்டு இடுப்பு தனியாக ஆடத் தொடங்கியது.

"மெதுவா, சீரா ஒண்ணு இல்லையா?"

தலையைச் சொறிந்தார். "இருக்குங்கய்யா. அது சாவுக்கு அடிக்கிறதுங்க."

"அடிங்க பார்ப்போம்."

"வேணாங்கய்யா. அது கேட்டா ஆளுக கூடிருவாங்க."

"இந்தப் பக்கம் யார் இருக்கா? தோள்துண்டைப் போட்டு மூடிக்கிட்டு அடிங்க."

துண்டால் மூடி மெல்ல அடித்தார். அளந்து வைத்தது போல இருந்தது. இடது, வலது, இடது, வலது. முதல் நாள் நூறு அடி நொண்டாமல் போனேன். இரண்டாம் நாள் கால் மைல். மூன்றாம் நாள், வியாழக்கிழமை, எனக்குத் தலைகால் புரியவில்லை. தூரம் போகப் போகத் தாளம் காதில் விழவில்லை என்று, "துண்டை எடுத்துட்டு நல்லா அடிங்கண்ணே" என்று கத்தினேன். புத்தியுள்ளவன் செய்கிற காரியமா அது? அவரும் மூன்று நாள் அடக்கிவைத்த கையை அவிழ்த்துவிட்டார்.

சாவு அடி கேட்டால் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற கை நின்றுவிடும். யார் என்று விசாரிப்பார்கள், கூடையை இறக்குவார்கள், துக்க வீட்டுக்கு நடப்பார்கள். அன்று எதிர் மலையில் நின்ற அத்தனை பேரும் விசாரித்திருக்கிறார்கள். லயத்தில் யாருக்கும் நோயில்லை. தோட்டத்தில் அடிபட்டுக் கிடந்த ஒரே ஆள் யார்? டீமேக்கர் ஐயா.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மேட்டைச் சுற்றித் திரும்பியபோது, கீழே என் குவார்ட்டஸ் வீட்டு வாசலில் அறுபது எழுபது பேர். பெண்கள் மாரில் அடித்துக்கொள்கிறார்கள். வேலியோரம் கூடைகள் குவிந்து கிடக்கின்றன. காலையில் தலைவலி என்று சொன்ன என் மனைவி கண்ணில் படவில்லை.

அதன் பிறகு நான் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. பாதையை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் விழுந்து, தண்ணீர்க் கான்களைத் தாண்டி, கவ்வாத்து வெட்டிய குச்சிகளை மிதித்து இறங்கினேன். தலைவலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்காமல் ஓடப் போனவன் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். வாசலுக்கு ஏறும் செங்குத்து மேட்டில் கங்காணியை இடித்துத் தள்ளிவிட்டு ஏறினேன்.

ஒப்பாரி அப்படியே நின்றது. முன்னால் நின்ற ஒரு கிழவி மூக்கைச் சிந்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயா உசிரோடதானே இருக்காரு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னங்க, நீங்க போயிட்டதா சொன்னாங்க."

"நான் நீன்னு நினைச்சேன்."

"அப்ப செத்தது யாரு?"

அந்த நேரம் பார்த்துத் தப்புக்காரர் தப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். எல்லாருடைய பார்வையும் அவர் மேல் விழுந்தது. அவர் என்னைக் கைகாட்டினார். சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாத பெண்கள் இரண்டையும் செய்தார்கள். "அழுத கண்ணீரைத் திருப்பிக் குடுங்கய்யா" என்று ஒருத்தி கேட்டாள். கங்காணி வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நாளைக்கு எங்களோட வந்து கொழுந்து எடுங்க. இன்னைக்கு விட்டுப்போன நிறை அப்பத்தான் சரியாவும்" என்றார். மறுநாள் போனேன். ஒரு மணி நேரத்தில் நான் எடுத்ததைப் பார்த்து அவர்களே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வராந்தாவில் டொக்டர் ஐயா பையோடு நின்றார். என் சாவை உறுதிப்படுத்த வந்தவர். நான் இறங்கியது, ஏறியது எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்திருக்கிறார்.

"உட்காருங்க தம்பி. அடிபட்ட காலை நீட்டுங்க."

நீட்டினேன். அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"வலிக்காது. இது இடது கால்."

அங்கேயே, என் மனைவியின் தையல் மெஷினில் வைத்து, துண்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் மனைவி அதை வாங்கி ஒரு முறை படித்தாள். "இதுக்கு மேல உங்களை எதுவும் கொல்லாது, போயிட்டு வாங்க" என்று கையில் திணித்துவிட்டு, தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று அவரிடம் கேட்டாள்.

போட்டிக்குப் பதினாலு பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் என் வயதில் பாதி. குளத்தைவிட்டு மூன்றாவதாக ஏறினேன். அந்தச் சந்தோஷத்தில் சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு சைக்கிளில் தாவியதால், பசறைக் கடைவீதி முழுக்க என் முதுகில் பித்தானைப் பார்த்தது. ஏற்றத்தில் நாலு பேர் என்னைத் தாண்டினார்கள். பதுளையில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கியபோது கால் இரண்டும் ஒரே மாதிரி விழுந்தன. ஏழாவது மைலில் முழங்கால் பேசத் தொடங்கியது. அதனோடு பேசிக்கொண்டே ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடினேன். ஒன்பதாவதாக வந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள், மற்ற மூன்று பேர் வரவே இல்லை. அந்த ஐந்து பேரையும் நான் வென்றதாக இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

முடிவுக் கோட்டில் டொக்டர் ஐயா நின்று, இந்த முறை சரியான காலைப் பிடித்தார்.

"வலிக்குதா தம்பி?"

"துளியும் இல்லைங்க."

உண்மைதான். திரும்பிப் போகக் கொழுந்து லொறி வந்து, அதில் ஏறக் காலைத் தூக்கும் வரை அது உண்மையாகவே இருந்தது. பிறகு நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கிப் பின்னால் படுக்க வைத்தார்கள். லுணுகலை வரும் வரை மல்லாந்து கிடந்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், குளத்தில் மூன்றாவதாக ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.